துணிப்பைத் தக்காளிக்கு எந்த மண்?

தக்காளிச் செடி தண்ணீர் இல்லாவிட்டாலும் வாடும், மிதமிஞ்சினாலும் வாடும். மாடித்தோட்டம் போட்ட யாருக்கும் இது பழக்கமான காட்சிதான். ஐப்பசி மழை இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலையில் மாடிக்குப் போனால், நன்றாக நிமிர்ந்து நின்ற இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்து தொங்கிக்கொண்டிருக்கும். பையில் கைவைத்தால் சொதசொதவென்று இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது வாட்டம் என்பதால் இன்னொரு குவளைத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்தக் குவளையோடு பல செடிகளின் ஆயுள் முடிந்துவிடுகிறது.

இந்த வளைவு ஏன் வருகிறது என்பதை 1980இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கென்ட் பிராட்ஃபோர்டும் ஷாங் ஃபா யாங்கும் தக்காளிச் செடியை வைத்தே விளக்கினார்கள். நீரில் மூழ்கிய வேருக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. அந்த நெருக்கடியில் வேர் ஏ.சி.சி. என்ற பொருளைச் சேர்த்துவைக்கிறது. அது எத்திலீன் வாயுவாக மாறுவதற்கு ஆக்சிஜன் வேண்டும், வேரிலோ அது இல்லை. எனவே ஏ.சி.சி., தண்ணீர் ஏறும் குழாய்கள் வழியாகத் தண்டுக்கும் இலைக்கும் போய்ச் சேர்கிறது. அங்கே காற்று தாராளமாக இருப்பதால் எத்திலீனாக மாறுகிறது. எத்திலீன் பட்டதும் இலைக்காம்பின் மேற்புறம் கீழ்ப்புறத்தைவிட வேகமாக நீள்கிறது, காம்பு கீழே வளைகிறது. வேருக்கு மூச்சு முட்டுகிறது என்று இலை சொல்லும் விதம் இது.

ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளியெல்லாம் நீரால் அடைபட்டால், மேலே ஒரு சாண் உயரத்தில் எவ்வளவு காற்று வீசினாலும் வேருக்குப் பயனில்லை.

அதனால் தக்காளிக்கு மண் கலவை தயாரிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நிறையத் தண்ணீர் ஊற்றி வடிந்தபிறகு அந்தக் கலவைக்குள் எவ்வளவு காற்று மிஞ்சும் என்பதுதான். நம்மில் பெரும்பாலோர் உரத்தில் தொடங்குகிறோம்: மண்புழு உரம் எத்தனை கிலோ, வேப்பம் புண்ணாக்கு எத்தனை பிடி, எலும்புத்தூள் வேண்டுமா என்று. உரம் குறைந்தால் அடுத்த வாரம் கொடுத்துச் சரிசெய்யலாம். காற்று குறைந்த கலவையைச் செடி நட்டபிறகு சரிசெய்ய வழியே இல்லை. வணிக நாற்றங்கால்களுக்குச் சொல்லப்படும் பொது அளவு இது: வடிந்தபிறகு கலவையின் கொள்ளளவில் 10 முதல் 30 சதவீதம் காற்றும், 45 முதல் 65 சதவீதம் நீரும் இருக்க வேண்டும்.

நிலத்தில் விளையும் தக்காளிக்கு இந்தக் கவலை ஏன் இல்லை? வயலில் பெய்யும் மழைநீரைக் கீழேயுள்ள மண் அடுக்குகள் தொடர்ந்து இழுத்துக்கொள்கின்றன. பையில் மண் முப்பது சென்டிமீட்டரில் திடீரென்று முடிந்துவிடுகிறது. அந்த முடிவுக்குக் கீழே இழுப்பதற்கு ஒன்றுமில்லை. பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்றை எடுத்து முழுதாக நனைத்து, படுக்கைவாட்டில் கையில் பிடித்துப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக வடிந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். பிழியாமல் அப்படியே அதைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடியும் சொட்டும். பஞ்சு அதே பஞ்சுதான், துளைகளும் அதேதான். உயரம் மாறியதும் கூடுதல் நீர் வெளியேறியது. நின்றபிறகும் அடியில் ஒரு விரற்கடை அளவு நீர் தங்கியே இருக்கும், எத்தனை நேரம் பிடித்திருந்தாலும் தானாக இறங்காது. ஒவ்வொரு தொட்டியின் அடியிலும், ஒவ்வொரு பையின் அடியிலும் இப்படியொரு நீர்ப்பட்டை நிற்கிறது. நுண்துளை ஈர்ப்பு அதைப் பிடித்துவைத்திருக்கிறது.

அந்தப் பட்டை எவ்வளவு உயரம் நிற்கும் என்பதை முடிவு செய்வது துகள்களுக்கு இடையே உள்ள துளையின் அளவு. பள்ளி இயற்பியலில் படித்த கணக்குதான். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையில் நீர் சுமார் 3 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். 0.3 மில்லிமீட்டர் துளையில் 10 சென்டிமீட்டர். 0.1 மில்லிமீட்டர் துளையில் 30 சென்டிமீட்டர். தக்காளிக்கு நாம் வாங்கும் 12 அங்குலப் பையின் உயரமே 30 சென்டிமீட்டர்தான்! அதாவது, பெரும்பாலான துளைகள் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவாக உள்ள நுண்மண்ணை அந்தப் பையில் நிரப்பினால், தண்ணீர் ஊற்றியபின் அடியிலிருந்து நுனிவரை நீர் நிற்கும். அடியில் எத்தனை ஓட்டை போட்டாலும் பயனில்லை.

களிமண் துகளின் விட்டம் 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவு. தோட்டத்தில் அதே மண் பொலபொலவென்று இருக்கக் காரணம், வேர்களும் மண்புழுக்களும் பூஞ்சை இழைகளும் அந்தத் துகள்களைச் சிறுசிறு மணிகளாக ஒட்டவைத்திருப்பதுதான். மணிகளுக்கு இடையே பெரிய துளைகள் கிடைக்கின்றன. அந்த மண்ணைத் தோண்டி, காயவைத்து, கட்டி உடைத்து, சலித்து, பையில் நிரப்பி, தினமும் மேலிருந்து தண்ணீர் ஊற்றும்போது மணிகள் கரைந்து தூளாகின்றன. ஒரு மாதத்தில் மேற்பரப்பு ஏடு கட்டிவிடும். நிலத்தில் நல்ல மண் என்று பெயரெடுத்த செம்மண் பைக்குள் இறுகிப்போவது இதனால்தான். கரிசல் மண் இன்னும் மோசம்: நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பைக்கு அது வேண்டாம்.

பையின் அடியில் ஓட்டுச்சில்லு, ஜல்லி, கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்பது நெடுங்கால நம்பிக்கை. செங்குத்தாக நிறுத்திய பஞ்சை நினைத்துக்கொண்டால் இது ஏன் பலிக்காது என்பது விளங்கும். நுண்துளை உள்ள கலவையிலிருந்து பெருந்துளை உள்ள ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது. ஜல்லி அடுக்கின் தலையில் நீர்ப்பட்டை புதிதாக உட்காரும். ஐந்து சென்டிமீட்டர் ஜல்லி போட்டால் பட்டை ஐந்து சென்டிமீட்டர் மேலேறி, வேருக்கான இடம் அவ்வளவும் குறைந்துவிடும். ஜல்லியை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி துணிப்பைக்கு வருவோம். கடைகளில் ஜியோ ஃபேப்ரிக் பை என்று விற்கப்படுவது பாலிப்ரொப்பிலீன் இழைகளை ஊசியால் குத்திப் பின்னிய, கம்பளி போன்ற தடித்த துணி. இதன் பெருமையாகச் சொல்லப்படுவது, வேர்நுனி காற்றில் காய்ந்து தானாகக் கத்தரிக்கப்படுவது. பிளாஸ்டிக் தொட்டியில் சுவரை முட்டிய வேர் திரும்பி, சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி ஓடும். துணிப்பையில் அது இழைகளுக்குள் நுழைந்து வெளிக்காற்றைத் தொடுகிறது, நுனி காய்கிறது, உடனே பின்னாலிருந்து பக்கவேர்கள் கிளைக்கின்றன. அமெரிக்கத் தோட்டக்கலை ஆய்வாளர் கார்ல் விட்கோம்ப் அடியில்லாத பால் அட்டைப்பெட்டிகளில் மர நாற்றுகளை வளர்த்து இந்தத் தத்துவத்தை வளர்த்தெடுத்தார். மரங்களுக்கு இது உண்மையிலேயே பெரிய வரம். தொட்டியில் சுற்றிய வேர் பத்தாண்டு கழித்து மரத்தின் கழுத்தையே நெரிக்கக்கூடும். நான்கைந்து மாதம் மட்டுமே வாழும் தக்காளிக்கு வேர் கத்தரிப்பால் கிடைக்கும் லாபம் அவ்வளவு இல்லை என்பது என் கருத்து. தக்காளிக்குத் துணிப்பை தரும் மெய்யான நன்மைகள் வேறு இரண்டு: பக்கவாட்டில் காற்று, கோடையில் குளிர்ச்சி.

பங்குனி, சித்திரை வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் தெற்கு, மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். அந்தச் சுவரை ஒட்டிய வேர்கள் வெந்துபோகும். துணிப்பையின் சுவர் ஈரமாக இருக்கும்வரை ஆவியாதலால் குளிர்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. இதற்கான விலையையும் நாம்தான் கொடுக்க வேண்டும். துணிப்பை அதிகத் தண்ணீர் குடிக்கும். முதலில் காய்வது விளிம்பு. விளிம்பு காய்ந்தால் கலவை சுருங்கித் துணியைவிட்டு விலகும். அடுத்து ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே வழிந்து வெளியேற, நடுவேர் காய்ந்து கிடக்கும். பக்கவாட்டில் ஆவியாகும் நீர், தன்னில் கரைந்திருந்த உப்பைத் துணியிலேயே விட்டுச்செல்கிறது. இரண்டு மாதம் கழித்துப் பையின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பூச்சாகத் தெரிவது அதுதான்.

ஆகவே துணிப்பைக்கான கலவைக்கு இரண்டு குணம் ஒருசேர வேண்டும். மழை வாரத்தில் காற்றைக் கைவிடக் கூடாது. வெயில் வாரத்தில் நீரைக் கைவிடக் கூடாது, காய்ந்துபோனாலும் திரும்ப எளிதாக நனைய வேண்டும். இந்தக் கடைசிக் குணம்தான் தேங்காய் நார்க்கழிவை முன்னுக்குக் கொண்டுவருகிறது.

மேலைநாடுகளில் இதே தேடல் வேறு வழியில் போனது. 1930களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வில்லியம் லாரன்சும் ஜான் நியூவெல்லும், ஏழு பங்கு தோட்டமண், மூன்று பங்கு பீட், இரண்டு பங்கு மணல் என்று ஒரு தொட்டிக் கலவையை வகுத்தார்கள். 1960களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் மண்ணையே முற்றிலும் நீக்கி, பீட்டும் வெர்மிகுலைட்டும் பெர்லைட்டும் கொண்ட கலவைகளுக்கு மாறினார்கள். இன்று உலகெங்கும் நாற்றங்கால்கள் நடப்பது அந்த வழியில்தான். பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த பாசி மக்கு. அது முழுதாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைத் தள்ளும். தேங்காய் நார்க்கழிவுக்கு அந்தக் குறை இல்லை, காய்ந்தாலும் ஊற்றிய நீரை உடனே உறிஞ்சிக்கொள்ளும். விளிம்பு தினமும் காயும் துணிப்பைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. அதுவும் நம் ஊரிலேயே கிடைக்கிறது.

பொள்ளாச்சிப் பக்கம் போனவர்கள் கயிற்றுத் தொழிற்சாலைகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறக் குன்றுகளைப் பார்த்திருப்பார்கள். தேங்காய் மட்டையை அடித்து ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ துகள் மிஞ்சும். ஒருகாலத்தில் கொட்ட இடமில்லாமல் சாலையோரம் குவித்துத் தீ வைத்த பொருள் இது. இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறிப் போகிறது. ஐந்து கிலோக் கட்டி ஒன்று தண்ணீரில் ஊறி 60, 70 லிட்டராக விரியும்.

ஆனால் கடையில் வாங்கிய கட்டியை ஊறவைத்து நேராகப் பையில் போட்டால் தக்காளி ஏமாற்றும். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. தென்னை பொட்டாசியமும் குளோரைடும் நிறைய உறிஞ்சும் மரம், கழிவிலும் அவை மிகுந்திருக்கும். உப்பங்கழிகளில் மட்டையை ஊறப்போடும் கடலோரப் பகுதிச் சரக்காக இருந்தால் சோடியமும் சேர்ந்துவிடும். ஊறவைத்த நீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் இறங்கும், அதில் டானினும் உப்பும் இருக்கின்றன. இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் தளர்வாக உள்ள உப்பு போய்விடும். பத்து லிட்டர் வாளியில் ஒரு பிடி ஊறவைத்து, பிழிந்து, வடிநீரைப் பார்த்தால் மூன்றாம் முறையில் நிறம் வெளிறுவது கண்ணுக்கே தெரியும். மின்கடத்துத் திறன் காட்டும் பேனா ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. வடிநீர் 1 மில்லிசீமன்ஸுக்குக் கீழே வரும்வரை அலச வேண்டும்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. நார்க்கழிவின் பரப்பில் மின்னேற்றமுள்ள இடங்கள் இருக்கின்றன. பொட்டாசியமும் சோடியமும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும், வெறும் தண்ணீரில் அவை கழன்று வராது. நாம் பிறகு கொடுக்கும் கால்சியம் வந்துதான் அவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். விளைவு, செடிக்குப் போக வேண்டிய கால்சியத்தை நார்க்கழிவே விழுங்கிவிடுகிறது. தக்காளியில் இதன் அடையாளம் காயின் அடிப்பகுதி கறுத்து, அமுங்கி, தோல் போல் ஆகிவிடுவது. பூச்சியென்று நினைத்து மருந்தடிப்பார்கள். இது பூச்சியும் இல்லை, நோய்க்கிருமியும் இல்லை. காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். கால்சியம் தண்ணீர் ஓட்டத்தோடு மட்டுமே பயணிக்கும். இலை நீராவியை வெளியேற்றுவதால் ஓட்டமெல்லாம் இலைக்கே போகிறது, காய்க்குக் கிடைப்பது சொற்பம். ஒருநாள் காய்ந்து ஒருநாள் நனைந்தால் அந்தச் சொற்பமும் தடைபடும். எனவே ஐந்து கிலோக் கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டைக் கரைத்த நீரில் ஓரிரவு ஊறப்போட்டு, மறுநாள் நல்ல நீரில் அலசி வடித்துவிடுவது நல்லது. ரசாயன உரம் வேண்டாம் என்பவர்கள் ஜிப்சத்தைக் கலவையிலேயே சேர்த்துக்கொள்ளலாம், வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் போதும் என்று நம்பாதீர்கள். அது கால்சியம் கார்பனேட். மெதுவாகக் கரைவதால், அந்தப் பருவத்துக் காய்க்குப் போதிய அளவு கிடைக்காது.

மூன்றாவது காரணம் தழைச்சத்து. மக்காத நார்க்கழிவில் கரிமத்துக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் 112க்கு 1 என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கணக்கிட்டிருக்கிறது. அதை மக்கவைக்க முனையும் நுண்ணுயிர்கள், தமக்குத் தேவையான நைட்ரஜனைச் செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும், அடி இலைகள் மஞ்சளாகும். டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்த்து மக்கவைத்தால் விகிதம் 24க்கு 1 என்று இறங்கிவிடும் என்பது அப்பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகப் பரப்பிவரும் முறை. ‘மக்கிய தென்னை நார்க்கழிவு’ என்று கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். வாங்கும்போது ஒரு பிடியை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். மாவு போல இருந்தால் துளைகள் அடைபடும். சிறு நார்த் துணுக்குகள் கலந்த சொரசொரப்பான சரக்கே தக்காளிக்கு ஏற்றது.

நார்க்கழிவு மட்டும் போதாது. நீரைப் பிடிக்கும் திறன் அதற்கு அதிகம், மழைக்காலத்தில் அதுவே பாதகமாகும். பெருந்துளைகளுக்காக வேறொன்று சேர்க்க வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் பெர்லைட் என்று எழுதியிருக்கும். இங்கே அது விலை அதிகம், தேவையும் இல்லை. நெல் உமி அந்த வேலையைச் செய்யும். சிலிக்கா மிகுந்த உமி எளிதில் மக்காது, ஒரு பருவத்துக்குத் தாங்கும். புழுங்கலரிசி ஆலையிலிருந்து வரும் உமியாக இருந்தால் இன்னொரு நன்மை: நெல்லை அவித்தபிறகே உமி நீக்குவதால், அதில் கலந்திருக்கும் நெல்லும் களை விதையும் முளைக்காது. அமெரிக்க நாற்றங்கால்களில் பெர்லைட்டுக்கு மாற்றாகப் பயன்படுத்துவதும் இப்படி அவித்த உமியைத்தான். தேங்காய் மட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி விற்பதும் இதே வேலைக்கு ஆகும், நீண்டகாலம் நிற்கும். கருக்கிய உமி காற்றோட்டத்துக்கு நல்லதுதான், ஆனால் காரத்தன்மை உள்ளது. சென்னை ஆழ்குழாய்க் கிணற்று நீரே பல இடங்களில் காரமாக இருப்பதால் கருக்கிய உமியை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மணல் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு குவளை மணலையும் ஒரு குவளை நார்க்கழிவையும் கலந்து அளந்து பாருங்கள், இரண்டு குவளை வராது. நுண்துகள் பெருந்துகளின் இடைவெளிக்குள் புகுந்து உட்கார்ந்துவிடுகிறது. நமக்கு வேண்டியது அந்த இடைவெளிதான். மணல் எடையையும் கூட்டும்.

எடை என்பது மாடியில் சிறிய விஷயமில்லை. 15 அங்குலப் பை ஒன்று 43 லிட்டர் கொள்ளும். நனைந்த மண் லிட்டருக்கு 1.8 கிலோ வரை வரும், அந்தக் கணக்கில் ஒரு பை 77 கிலோ. ஒரு சதுர மீட்டரில் நான்கு பை வைத்தால் 300 கிலோவைத் தாண்டும். ஆட்கள் ஏறி இறங்கும் தட்டைக் கூரைக்கு இந்தியக் கட்டடத் தரநிலை 875 வைத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. நார்க்கழிவு முதன்மையாக உள்ள கலவை நனைந்தபிறகும் லிட்டருக்கு 0.7 கிலோ அளவில்தான் இருக்கும். அதே நான்கு பை 120 கிலோவோடு நிற்கும். பழைய வீடுகளில் இதுகூட அதிகம். பைகளைச் சுவரோரமாகவும் உத்தரத்தின் மேலும் வரும்படி பரவலாக வைக்க வேண்டும்.

உரத்தின் அளவுக்கு ஓர் உறுதியான வழிகாட்டல் இருக்கிறது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் எட்வர்ட்ஸ் குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட தக்காளிச் சோதனையில், கலவையில் மண்புழு உரம் 20 சதவீதமாக இருந்தபோது விற்கத்தக்க விளைச்சல் உச்சத்தைத் தொட்டது. முழுக்க மண்புழு உரத்திலேயே வளர்ந்த செடிகள் பின்தங்கின. மண்புழு உரம் நுண்ணிய பொருள், உப்பும் அதிகம். அளவு கூடினால் காற்று குறையும். செம்மண், நார்க்கழிவு, உரம் மூன்றும் சமபங்கு என்று நாம் கேட்டுப் பழகிய கணக்கு கீரைக்கு நன்றாக வரும், ஆழமாக வேர்விடும் தக்காளிக்கு இறுக்கம்.

நான் பரிந்துரைக்கும் கலவை கொள்ளளவில் இப்படி: அலசிய, மக்கிய நார்க்கழிவு ஐந்து பங்கு, மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழு உரமோ இரண்டு பங்கு, உமி அல்லது மட்டைத் துண்டு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு. செம்மண் எதற்கு என்றால், நார்க்கழிவில் குறைவாக உள்ள இரும்பு போன்ற நுண்சத்துகளுக்காகவும், பை காற்றில் சாயாமல் நிற்கக் கொஞ்சம் கனத்துக்காகவும்தான். 20 லிட்டருக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் 20 கிராம் ஜிப்சமும் சேர்த்து, நனைத்து, பத்துப் பதினைந்து நாள் நிழலில் வைத்துவிட்டு நட வேண்டும். கலந்த அன்றே நட்டால் புண்ணாக்கு சிதையும்போது வெளிவரும் சூடும் அம்மோனியாவும் நாற்றின் வேரைச் சுடும். காய் பிடிக்கும் பருவத்தில் ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசல் தேவைப்படும், அதில் ஏறத்தாழ 7 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. பெரியகுளத்தில் வெளியிடப்பட்ட பி.கே.எம். 1 போன்ற குட்டை ரகத்துக்கு 12 அங்குலப் பை போதும். ஏறிக்கொண்டே போகும் வீரிய ஒட்டு ரகங்களுக்கு 15 அங்குலத்துக்குக் குறையாதீர்கள்.

கலவை சரியா என்று நடுவதற்கு முன்பே அளந்துவிடலாம். உள்விட்டம் 10 சென்டிமீட்டரும் உயரம் 30 சென்டிமீட்டரும் உள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று வேண்டும். பையின் உயரமே குழாயின் உயரமாக இருக்க வேண்டும், பஞ்சு காட்டிய பாடம் அதுதான். அடியில் மூடி போட்டு, நாலைந்து ஓட்டையிட்டு, ஓட்டைகளை நாடாவால் ஒட்டிவிடுங்கள். ஈரக் கலவையை நிரப்பி, இரண்டு தட்டுத் தட்டி, நீர் மேற்பரப்பில் தெரியும்வரை மெதுவாக ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் ஊறட்டும், நீர் இறங்கினால் மறுபடி ஊற்றி நிரப்புங்கள். பிறகு மேலே தேங்கிய நீரை மட்டும் எடுத்துவிட்டு, குழாயை ஒரு பாத்திரத்தின் மேல் வைத்து நாடாவை உரித்துவிடுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் வடிந்த நீர் எவ்வளவோ, அந்த இடமெல்லாம் இப்போது காற்று. குழாயின் கொள்ளளவு சுமார் 2,350 மில்லி. வடிந்தது 350 மில்லி என்றால் காற்று 15 சதவீதம், தக்காளிக்கு ஏற்றது. 200 மில்லிகூட வராவிட்டால் உமியைக் கூட்டுங்கள். 700 மில்லியைத் தாண்டினால் வெயிலில் ஒரு நாளைக்கு இருமுறைகூடத் தண்ணீர் போதாது, நார்க்கழிவைக் கூட்டுங்கள்.

நிரப்பும்போது விளிம்புவரை நிரப்பி, துணியை ஒட்டிய பகுதியை மட்டும் விரலால் அழுத்திவிடுவது நல்லது, அங்கேதான் முதல் இடுக்கு விழும். ஒரு பருவத்தில் கலவை இரண்டு மூன்று அங்குலம் இறங்கும், இடையில் மண்புழு உரமும் உமியும் போட்டு ஈடுகட்டலாம். தக்காளித் தண்டு மண்ணைத் தொடும் இடத்திலெல்லாம் வேர்விடும் என்பதால் இது கூடுதல் லாபம். வெயில் காலத்தில் வளர்ந்த செடி ஒரு நாளில் இரண்டு மூன்று லிட்டர் நீர் கேட்கும். அதை ஒரே மூச்சில் கொட்டாமல், கொஞ்சம் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு மீதியை ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை அடியில் நன்றாக வடியும் அளவுக்கு ஊற்றினால் சேர்ந்த உப்பு கழுவிப்போகும்.

பருவம் முடிந்ததும் பையைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெண்மையாக, அடிவரை படர்ந்திருந்தால் கலவை சரி. மேல் பாதியில் மட்டும் வேர் இருந்து, அடியில் பழுப்பாக அழுகி, சாக்கடை வாடை வந்தால் அங்கே காற்று போகவில்லை. வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்தக் கலவையில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் வைக்காதீர்கள். நனைத்து, நிறமில்லாத பாலிதீன் தாளால் இறுக மூடிச் சித்திரை வெயிலில் நான்கிலிருந்து ஆறு வாரம் போட்டுவைத்தால் பெரும்பகுதி அழியும். கறுப்புத் தாளைவிட நிறமில்லாத தாளே அதிகச் சூட்டை உள்ளே விடும்.

அடுத்த நடவுக்கு விதை வாங்கப் போகும் முன் அந்தக் குழாய்த் துண்டை ஒருமுறை எடுத்து, இருக்கும் கலவையை அளந்துபாருங்கள். ஒரு மாலை நேரம் போதும். வடிந்த நீர் 350 மில்லியை எட்டிய கலவையில் மட்டும் தக்காளி நாற்றை நடுங்கள்.